கடிகாரம் 21.1 என்றது

முதல் நாள், வெள்ளி

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் பை, காலில் ஓடும் காலணி. அதைப் பெட்டிக்குள் வைக்க மனம் வரவில்லை. பெட்டி தொலைந்தால் பனியன், அரைக்கால்சட்டை எல்லாம் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். முந்நூறு கிலோமீட்டர் ஓடி என் பாதத்துக்குப் படிந்துவிட்ட காலணிக்கு எங்கே போவது? போட்டி நாளில் எதையும் புதிதாகச் செய்யாதே என்பார்கள். புதுக் காலணி கூடாது, புதுச் சாப்பாடு கூடாது, புது காலுறைகூடக் கூடாது. போன வருடம் புது காலுறையோடு ஓடிக் கொப்புளம் வாங்கியவன் என்பதால் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஞாயிறு காலை அரை மாரத்தான். 21.0975 கிலோமீட்டர். இப்படி ஒரு அரைகுறை எண் எப்படி வந்தது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தானை விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்காரும் மாடத்துக்கு எதிரே முடித்தார்கள். அது 26 மைல் 385 கெஜம், அதாவது 42.195 கிலோமீட்டர். 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் பாதிதான் நாங்கள் ஓடுவது. யாரோ ஒரு ராணி உட்கார்ந்த இடத்துக்காக இன்றுவரை எல்லாரும் கடைசி 97.5 மீட்டரையும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறோம்.

இது எனக்கு இரண்டாவது அரை மாரத்தான். முதலாவது 2 மணி 23 நிமிடம். இந்த முறை இலக்கு 2:15. பெரிய சாதனை என்று யாரும் மயங்க வேண்டாம். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே முழு மாரத்தானையும் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். முறை மாற்றி முறை ஆட்கள் வந்து வேகம் கூட்டிக் கொடுத்ததால் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. சேராவிட்டால் என்ன? அவர் ஓடியதில் பாதியை ஓட, அவர் எடுத்துக்கொண்டதைவிடக் கால்மணி நேரம் அதிகமாகக் கேட்கிறவன் நான்.

கடைசி இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தாகிவிட்டது. டேப்பர் என்பார்கள். உடம்பு தேறும், மனசு கெடும். மூன்று மாதம் வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடியபோது வராத வலியெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. நேற்று இடது முழங்கால். இன்று வலது குதிகால். நாளைக்குக் காது வலித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எதிர் இருக்கையில் ஒரு அம்மா. ஏதோ ஒரு பழைய போட்டியில் கொடுத்த, துவைத்துத் துவைத்து எழுத்து அழிந்த சட்டை. என் காலணியைப் பார்த்தார், என் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கா தம்பி?"

"ஆமாங்கம்மா."

"அக்கான்னே கூப்பிடுங்க. அறுபத்து மூணுதான் ஆகுது."

பத்தொன்பது அரை மாரத்தான் ஓடியிருக்கிறாராம். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி நாலு நிமிடம் ஓட்டம். ஜெஃப் காலோவே என்ற அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் பரப்பிய முறை. நடப்பது தோற்றவர்கள் செய்வது என்று எனக்குள் ஒரு எண்ணம் உண்டு. வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், சனி

காலையில் பிப் வாங்கப் போனேன், சட்டையில் குத்திக்கொள்ளும் எண் சீட்டு. கூடம் நிறையக் கூட்டம். எல்லாரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் ஒரு உறை தருகிறார்கள். உள்ளே எண் அச்சடித்த பிப், நாலு ஊக்கு, ஒரு சட்டை. பிப்பின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைதான் சிப். சாலையின் குறுக்கே விரித்த பாயை நாம் தாண்டும்போது அது நம் எண்ணைப் பாய்க்குச் சொல்லிவிடும். அதனால் துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்து ஒரு கணக்கு, நாம் தொடக்கப் பாயை மிதித்த நேரத்திலிருந்து இன்னொரு கணக்கு. பரிசு வாங்குகிறவர்களுக்கு முதல் கணக்கு. என் போன்றவர்களுக்கு இரண்டாவது.

காலணிக் கடை விரித்திருந்தார்கள். கார்பன் தகடு வைத்தவை, இஞ்ச் இஞ்சாக நுரை அடுக்கியவை. சாலைப் போட்டிகளில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி போட வேண்டிய அளவுக்கு இந்த நுரை வளர்ந்துவிட்டது. ஒன்றைக் கையில் எடுத்தேன், இறகு மாதிரி இருந்தது. புதிதாக எதையும் செய்யாதே. கீழே வைத்துவிட்டேன்.

வெளியே வந்தால் அக்கா நிற்கிறார். "பாதையைப் பார்த்துட்டு வரலாம், வரீங்களா?" என்றார். காலைக் களைப்பாக்காமல் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். ஆற்றங்கரைச் சாலை. பத்தரை கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். ஆறு எப்படி வளைகிறதோ சாலையும் அப்படியே வளைகிறது. இடதுபக்கம் ஒரு வளைவு, உடனே வலதுபக்கம் ஒன்று. நடுவே ஒரு பாலத்துக்கு அடியில் புகுந்து போகிறது.

அக்கா நின்று கையை நீட்டிக் காட்டினார். "இந்த வளைவோட உள் ஓரத்துலேர்ந்து அந்த வளைவோட உள் ஓரத்துக்கு நேரா ஒரு கோடு போடுங்க. அதுல ஓடுங்க. நடுரோட்டுல, வெளியோரத்துல எல்லாம் போனா நீங்கதான் கூட ஓடணும். யாரும் கணக்குல சேர்த்துக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரிதான். பாதையை அளப்பது காரை ஓட்டியோ கடிகாரத்தைப் பார்த்தோ அல்ல. ஒரு மிதிவண்டியின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சிறிய எண்ணியைப் பொருத்தி, துல்லியமாக அளந்த தூரத்தில் அதைச் சரிபார்த்துக்கொண்டு, வளைவுகளில் ஓரக்கல்லை 30 சென்டிமீட்டர் ஒட்டியபடி, இருப்பதிலேயே குறுகிய வழியில் ஓட்டிப்போவார்கள். பாதை தவறியும் குறைந்துவிடக்கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வைப்பதும் உண்டு. பெரிய மாரத்தான்கள் சிலவற்றில் அந்தக் குறுகிய வழியைச் சாலையிலேயே நீலக்கோடாக வரைந்திருப்பார்கள். இங்கே கோடு இல்லை.

இதெல்லாம் நான் முன்பே படித்ததுதான். "தெரியும்க்கா" என்றேன்.

"அப்போ சரி. கையில நேரத்தை எழுதிக்கோங்க. ரெண்டே கால் மணி நேரத்துக்கு அஞ்சாவது கிலோமீட்டர்ல 32 நிமிஷம், பத்துல 64, பதினஞ்சுல 96, இருபதுல 128. கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது கையைப் பாத்தா போதும்."

கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி என்று கணக்குப் போட்டிருந்தேன், அதேதான். ஆனால் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் இருக்கிறவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வானா? கடிகாரம் 6:24க்குள் காட்டினால் வேலை முடிந்தது. இன்னும் ஐந்து விநாடி கையிருப்பாக வைத்து 6:19 என்று தீர்மானித்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு ஐந்து என்றால் மொத்தத்தில் நூற்றைந்து விநாடி மிச்சம். யாரால் என்னைத் தடுக்க முடியும்?

மத்தியானமும் இரவும் மாவுச்சத்து. தசையும் ஈரலும் சர்க்கரையை கிளைகோஜன் என்று சேமித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் போட்டிக்கு முந்தின நாள் எடை ஏறி, ஓட்டக்காரர்கள் எடைமேடையைப் பார்த்துப் பதறுகிறார்கள். நான் பார்க்கவே இல்லை.

பிப்பைச் சட்டையில் குத்தி, மூன்று தரம் நேராக்கி, நாற்காலியில் விரித்து வைத்திருக்கிறேன். இருட்டில் தலையில்லாத ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது. தூக்கம் வருமா, தெரியவில்லை. முந்தின இரவு தூங்காவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு முந்தின இரவுதான் முக்கியம் என்பார்கள். அன்றும் நான் தூங்கவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

மாலை ஆகிவிட்டது. கட்டிலில் படுத்தபடி, கால் இரண்டையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாலு மணிக்கு எழுந்தேன். இரண்டு வாழைப்பழம், ரொட்டி, கொஞ்சம் காபி. தொடை இடுக்கிலும் அக்குளிலும் மார்க்காம்பிலும் வாசலின். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் இருபது கிலோமீட்டர் வியர்வைச் சட்டை உரசிய மார்க்காம்பிலிருந்து இரத்தம் வழிய நின்றவர்களைப் பார்த்தால் கூச்சம் போய்விடும்.

தொடக்கத்தில் இன்னும் இருட்டு. கழிவறை வரிசை போட்டியைவிட நீளம். நான் உள்ளே போய் வெளியே வந்தபோது என் பிரிவு நகர்ந்துவிட்டிருந்தது. 2:15 என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிய பேசர் கொஞ்சம் முன்னால் நின்றார். பேசர் என்றால் குறித்த நேரத்துக்கு ஒரே சீராக ஓடிக் காட்டவே வருகிற அனுபவசாலி. கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் போக முடியவில்லை. வெடித்தது. நடந்து நடந்து, நான் பாயை மிதிக்க 3 நிமிடம் 40 விநாடி ஆனது. பேசர் எனக்கு 40 விநாடி முன்னால் தாண்டியிருப்பார்.

முதல் மூன்று கிலோமீட்டர் ஒரே நெரிசல். நாலு பேர் கைகோக்காத குறையாக வரிசையாக ஓடுகிறார்கள். வலதுபக்கம் வெட்டினேன், இடதுபக்கம் வெட்டினேன், நடைமேடையில் ஏறி இறங்கினேன். எனக்கு அதுவே ஒரு வீரமாக இருந்தது. கடிகாரம் 6:18, 6:20, 6:19. அற்புதம்.

ஐந்தாவது கிலோமீட்டர் முடிந்ததென்று கடிகாரம் மணி அடித்தது. பலகை எழுபது மீட்டர் தள்ளி நின்றது. பலகையைத் தப்பாக நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். விடியற்காலையில் அவசரமாக நட்டிருப்பார்கள், பாவம்.

ஆறரை கிலோமீட்டர் தாண்டியபோது எதிர்ப்பக்கத்தில் முதல் ஆள் திரும்பி வந்தார். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். காலடிச் சத்தமே இல்லை. தரை அவரைத் தொட்டுத் தொட்டு மேலே அனுப்புவது போலிருந்தது. அவர் அதற்குள் பதினாலு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார். இந்தப் பக்கம் இருந்த நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். வேறு எந்த விளையாட்டில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தோற்கிறவன் ஜெயிக்கிறவனை இவ்வளவு பக்கத்தில் பார்த்துக் கை தட்ட முடியும்?

சாலையோரம் சின்னப் பிள்ளைகள் கையை நீட்டி நின்றார்கள். இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல். எல்லாக் கையையும் தட்டினேன். தண்ணீர் மேசைகள் எல்லாம் வளைவின் வெளியோரத்தில். ஒவ்வொன்றுக்கும் போனேன், ஒவ்வொரு வாய்தான் குடித்தேன். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது, ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் அதில் பெரும்பாலும் மாட்டினார்கள் என்று படித்ததிலிருந்து நான் குடத்தைக் கவிழ்ப்பதில்லை.

பத்தாவது பலகை 140 மீட்டர் தள்ளி இருந்தது. பேசரின் கொடி முன்னால் தெரிந்தது. கொஞ்சம் கூடுதல் தூரத்தில். நான் 6:19இல் ஓடுகிறேன், அவர் 6:24இல் ஓட வேண்டியவர், நான் அவரைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால்? பேசர் அவசரப்படுகிறார். பின்னால் வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான் என்று பரிதாபப்பட்டேன்.

திரும்பி முக்கால் கிலோமீட்டர்கூட ஆகவில்லை, எதிரே அக்கா. அவருடைய நடை நிமிடம் போல, நிதானமாகக் கையை வீசி நடந்து வந்தார். வளைவின் உள் ஓரக்கல்லைத் தொட்ட மாதிரி. என்னைப் பார்த்ததும் ஏதோ கத்தினார். "சூப்பர்" என்று காதில் விழுந்தது. இப்போது யோசித்தால் "ஓரமா" என்று சொல்லியிருக்கலாம்.

பதினாலாவதிலிருந்து வெயில். காற்றில் ஈரம் இருந்ததால் வியர்வை காயவில்லை, வழிந்து காலணிக்குள் போனது. பாலத்துக்கு அடியில் மட்டும் நிழல், அங்கே எல்லாருடைய மூச்சும் எதிரொலித்தது. பதினாறில் ஒரு ஜெல். இனிப்பான பசை. வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. பதினேழு, பதினெட்டு பற்றி எழுத எதுவும் இல்லை. முன்னால் ஓடியவரின் முதுகில் வியர்வை ஒரு தீவுப் படம் வரைந்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். பத்தொன்பதில் இடது கெண்டைக்கால் இழுத்தது. குதிகாலை ஊன்றி நாலு தப்படி வைத்தேன், விட்டது. கடிகாரம் இன்னும் 6:19, 6:20. மனசுக்குள் அலுவலகத்தில் சொல்லப்போகும் எண்ணைக்கூடத் தயார் செய்துவிட்டேன். இரண்டு பதின்மூன்று சொச்சம்.

அப்புறம் கடிகாரம் 21.1 என்றது. நேரம் 2:13:17.

நிமிர்ந்து பார்த்தேன். முடிவுக்கோட்டின் தோரண வளைவு எங்கோ நின்றது. முந்நூறு மீட்டர். அந்த நொடியில் கால் தானாக ஓட்டத்தை விட்டது. நாலைந்து அடி நடந்தேன். யாரோ என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் ஓடிய ஒரு பையன் "வாங்கண்ணே, இன்னும் கொஞ்சம்தான்" என்று முழங்கையைத் தொட்டான். ஓடினேன். பயிற்சியில் ஒருநாளும் ஓடாத வேகத்தில் ஓடினேன். கண்ணில் வளைவுக்கு மேலிருந்த பெரிய கடிகாரத்தின் சிவப்பு எண்கள் மட்டும். அது துப்பாக்கிக் கணக்கு, 2:18:51.

அதில் 3:40 கழித்தால் 2:15:11.

பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பெண் "வாழ்த்துகள் சார்" என்றாள். நான் பதிலுக்கு "பதினோரு விநாடி" என்றேன். அவள் சிரித்தாள். காலையிலிருந்து என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தாளோ.

பேசர் தண்ணீர் பாட்டிலோடு புல்தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் நேரம் 2:14:50. அவசரப்பட்டவர் அல்ல, பத்து விநாடி பாக்கி வைத்து நூல் பிடித்த மாதிரி வந்தவர். "உங்களைத் திருப்பத்துல பார்த்தேன் சார், எங்கூடவே வந்துடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அக்காவுக்காகக் காத்திருந்தேன். 2:31இல் வந்தார், கடைசி நூறு மீட்டரில் நடக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு காட்டுது?" என்றார். நேரத்தைக் கேட்கவில்லை, தூரத்தைக் கேட்டார். என் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன். 21.40. தன்னுடையதைக் காட்டினார். 21.17.

வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் உள்ளங்கையில் பேனா மை வியர்வையில் கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

நான்காம் நாள், திங்கள்

திரும்பும் ரயில். நிலையத்தில் படிக்கட்டைப் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் அதே மாதிரி இறங்கினார்கள். யாரும் யாரையும் அறிமுகம் கேட்கவில்லை, பதக்கத்தைக் காட்டவேண்டிய தேவையும் இல்லை. லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று பெட்டியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். இது தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அவரைத் திருத்தத் தெம்பில்லை. இடது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. அது விழும்.

காலையில் முடிவுகள் வெளியாகிவிட்டன. பாய் வாரியாக என் நேரம்: பத்தில் 1:04:03, பதினைந்தில் 1:36:05, இருபதில் 2:08:06. அக்கா எழுதிக்கொள்ளச் சொன்ன எண்களோடு ஒப்பிட்டால் பத்தில் மூன்று விநாடி, பதினைந்தில் ஐந்து, இருபதில் ஆறு. மூன்று விநாடியைப் பத்தாவது பலகையிலேயே பார்த்திருந்தால் அடுத்த இரண்டு கிலோமீட்டரில் சரிக்கட்டியிருக்கலாம். பார்க்கவில்லை, நான் பலகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மிச்ச ஐந்து விநாடி, முடிவுக்கு முன்னால் நின்று கோபித்துக்கொண்டதில் போனது.

ஓடிய தடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தபடி வருகிறேன். குடித்த எறும்பு போன கோடு மாதிரி இருக்கிறது. நெரிசலில் வெட்டிய இடம், நடைமேடையில் ஏறிய இடம், பிள்ளைகளின் கையைத் தட்டக் குறுக்கே போன இடம், தண்ணீர் மேசைகள், எல்லாம் அப்படியே பதிந்திருக்கின்றன. பாலத்துக்கு அடியில் மட்டும் கோடு சாலையை விட்டு இறங்கி ஆற்றுக்குள் போய், நாற்பது மீட்டர் தண்ணீர் மேல் நடந்துவிட்டுக் கரையேறுகிறது. அந்த நாற்பதை ஜிபிஎஸ் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். மிச்சம் இருநூற்று அறுபது என்னுடையது.